ரொறன்ரோவில் விழுந்த லோடி

நான் ரொறன்ரோவுக்குப் போனது செத்து விழுவதற்கு. வந்த காரணம் என்ன என்று விமான நிலையத்தில் அதிகாரி கேட்டபோது நாக்கு நுனிவரை அந்தப் பதில்தான் வந்தது. மச்சானைப் பார்க்க வந்தேன் என்று சொல்லி வைத்தேன். அதுவும் பொய்யில்லை.

மச்சான் அல்பிரட் என் மனைவி றீற்றாவின் தம்பி. சண்டைக் காலத்திலேயே கிளம்பிப் போனவன், டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக் கட்டடத்தில் குடியிருக்கிறான். மன்னார்க் கரையில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் அங்கே ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை கூத்துப் போடுவார்கள். அல்பிரட்தான் அண்ணாவியார். கூத்துக் கொப்பி எழுதுவது, பாட்டுப் பழக்குவது, ஆட்டம் பிழைத்தவனை ஏசுவது எல்லாம் அவன் வேலை.

இந்த வருடம் பானிபட் சண்டைக்கு ஐந்நூறு வயது என்று அதையே கூத்தாக எழுதிவிட்டான். பாபராக வருவதற்கு ரொறன்ரோவில் ஆள் தட்டுப்பாடு இல்லை. தோற்றுச் சாகிற இப்ராகிம் லோடியாக வரத்தான் ஒருவரும் இல்லை. நான் தனியார் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்து ஓய்ந்தவன். கூத்து மேடையில் எப்போதும் தோற்கிற ராசா. அத்தானைக் கூப்பிடுவோம் என்று முடிவெடுத்தார்கள். றீற்றாவும் வருவதாகத்தான் இருந்தது. அவளுக்கு விசா மறுத்துவிட்டார்கள்.

போன அன்று அல்பிரட் பிட்டும் நண்டுக் குழம்பும் வைத்திருந்தான். "எங்கட கடல் நண்டு, அத்தான்" என்று பெருமையாக வெற்றுப் பெட்டியை எடுத்துக் காட்டினான். பெட்டியில் எங்கள் நாட்டுப் பெயர் இருந்தது. அக்காவுக்குக் கிடைக்காத விசா நண்டுக்குக் கிடைத்திருக்கிறது என்றேன். அவன் சிரித்தான், நான் சிரிக்கவில்லை. குழம்பு நன்றாகத்தான் இருந்தது, அதற்காக என் கோபம் குறையவில்லை.

அடுத்த நாள் ஊர் பார்க்கத் தனியே கிளம்பினேன். சித்திரை மாதம் என்று பெயர், தெருவோரத்தில் கறுத்துப்போன பனி குவிந்து கிடந்தது. அல்பிரட் தந்த மொத்தச் சப்பாத்தைப் போடமாட்டேன் என்று செருப்போடு இறங்கி, நூறு யார் போவதற்குள் திரும்பி வந்து சப்பாத்தைப் போட்டேன். இதை அவனிடம் சொல்லவில்லை.

பஸ்ஸில் கொண்டக்டர் இல்லை. அட்டையை ஓர் இயந்திரத்தில் தட்டிவிட்டு எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்கள். "முன்னுக்குப் போங்கோ, முன்னுக்குப் போங்கோ" என்று கத்த ஆளில்லாத பஸ் ஒரு பஸ்ஸா? பஸ் குலுங்கியபோது ஒரு சீனக் கிழவரின் காலை மிதித்துவிட்டேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். மன்னாரில் நான் மிதிக்காத கால் இல்லை. ஒவ்வொரு மிதிக்கும் என் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். இங்கே மிதிபட்டவன் மன்னிப்புக் கேட்கிறான். கதவில் முட்டினால் சொறி என்று ஓர் ஆங்கில மன்னிப்பு, முட்டாவிட்டாலும் சொறி. இரண்டு நாளில் எனக்கு அந்தச் சொல் புளித்துவிட்டது.

இறங்கிய இடத்தில் உட்கார ஒரு வாங்கு. அதன் சாய்மானத்தில் வீடு விற்கிற தமிழர் ஒருவரின் படம், கையைக் கட்டிக்கொண்டு அத்தனை பல்லும் தெரியச் சிரிக்கிறார். அவருடைய நெற்றியில் முதுகைச் சாய்த்து இருந்து அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரௌவ்விலில் கூத்துப் பழக்கம். அங்கே போகக் கார் வேண்டும், கார் இல்லாதவனை அந்த ஊர் மனிதனாகவே எண்ணுவதில்லை. புதிதாகக் கட்டிய வீடுகள், ஒரே அச்சில் வார்த்தது மாதிரி வரிசையாக நிற்கின்றன. அல்பிரட் கூட இரண்டு தடவை பிழையான வீட்டு வாசலில் காரைத் திருப்பினான். கடைசியில் ஒரு கராஜ் கதவு மேலே ஏறியது. உள்ளே வாங்கில் பார்த்த அதே பல்லுகள். மண்டபச் செலவு, உடுப்புச் செலவு எல்லாம் ஏற்றுக்கொண்டவர் அவர்தான். பெயர் றெஜி. பாபரும் அவர்தான் என்று சொல்லவேண்டியதில்லை.

கராஜுக்குள் பானிபட் ஆயத்தமாக இருந்தது. பாபரின் சண்டையில் முக்கியம் வண்டில்கள். லோடியிடம் பெரும்படை, யானைப்படை. பாபரிடம் கொஞ்சப் பேர். அவன் நூற்றுக்கணக்கான வண்டில்களை வரிசையாக நிறுத்தி, தோல் கயிற்றால் ஒன்றோடொன்று பிணைத்து, இடைவெளியில் பீரங்கியும் துவக்கும் வைத்துக் காத்திருந்தான். லோடியின் படை நேராக வந்து முட்டியது. முன்னுக்கு நின்றவன் நிற்க, பின்னுக்கு வந்தவன் தள்ள, இரண்டு பக்கத்தாலும் பாபரின் குதிரைகள் சுற்றி வளைத்தன. வெடிச்சத்தம் கேட்டறியாத யானைகள் திரும்பித் தம் ஆட்களையே மிதித்தன. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. டெல்லி முகலாயரின் கைக்குப் போனது அன்றைக்குத்தான்.

எங்கள் பாபருக்கு வண்டில் என்பது கடைகளில் சாமான் தள்ளும் இரும்பு வண்டி. பலசரக்குக் கடை முதலாளியிடம் கேட்டு வாங்கி, மட்டை ஒட்டி, நைலோன் கயிற்றால் கட்டியிருந்தார்கள். பீரங்கி நிசாமின் வேலை. நிசாம் எங்கள் ஊர் முஸ்லிம், ரொறன்ரோவில் வயரிங் வேலை செய்கிறவர். "உங்கட கூத்தில எப்பவும் வேதத்துச் சம்மனசும் அர்ச்சிட்டவரும்தானே, எங்களுக்கும் இடமிருக்கிற ஒரு கதையைப் போடுங்கோவன்" என்று அவர் அல்பிரட்டைச் சீண்டியதால்தான் பானிபட்டே வந்தது. பிளாஸ்டிக் குழாய்க்கு வெண்கல நிறம் பூசி, உள்ளே புகை இயந்திரம் வைத்திருந்தார். ஒரு தட்டுத் தட்டினார், கராஜ் முழுக்கப் புகை. பாபர் இருமினார். எனக்கு மனம் குளிர்ந்தது.

கூத்துத் தெரியாதவர்களுக்கு இரண்டு விசயம் சொல்லவேண்டும். ஆடுகிறவன் ஓர் அடி பாடினால் பின்னுக்கு நிற்கிற பிற்பாட்டுக்காரர் அதையே திருப்பிப் பாடவேண்டும். அவன் எதைப் பாடினாலும் பாடவேண்டும், அதுதான் ஒழுங்கு. மற்றது எங்கள் ஊருக்கே உரியது. விழுந்த ராசா தானாக எழும்பி நடக்கக்கூடாது. நாலு பேர் தூக்கிக்கொண்டு போவார்கள், சனம் எழுந்து நின்று அனுப்பி வைக்கும். என்னை அப்படி எத்தனையோ தடவை தூக்கியிருக்கிறார்கள். ஒருமுறை கூட நான் கண்ணைத் திறந்ததில்லை.

அல்பிரட் லோடிக்கு எழுதியிருந்த கடைசிப் பாட்டு இது:

தில்லியைத் தந்தேன், என் திறைசேரி தந்தேன்,
தலையையும் தந்தேன், முழந்தாள் தரமாட்டேன்!

பாடி முடித்துச் சுழன்று விழப் போனேன். றெஜி கையை உயர்த்தினார்.

"அண்ணை, கடைசிக் காட்சியில ஒரு சின்ன மாற்றம். லோடி வாளைக் கீழ வைச்சு, முழந்தாள் போட்டு மன்னிப்புக் கேக்கிறார். பாபர் தூக்கி அணைக்கிறார். லைற் ஓஃப். சனம் கை தட்டும்."

"லோடி முழந்தாள் போடேல்லையே" என்றேன்.

"அது ஹிஸ்டரி அண்ணை. இது ஷோ. இஞ்ச பிறந்த பிள்ளையளுக்கு முன்னால சாவைக் காட்டி முடிக்க ஏலுமே? சமாதானமா முடிப்பம். ஒரு சொறிதானே, இந்த நாட்டில ஆர்தான் சொல்லேல்லை?"

"சொறியை நிண்டுகொண்டும் சொல்லலாம்."

லோடியை ஓடித் தப்பச் சொன்னார்கள், அவன் மறுத்தான் என்று ஒரு கதை உண்டு. தன் ஆட்களின் பிணங்களுக்கு நடுவே கிடந்தான், டெல்லி சுல்தான்களில் போர்க்களத்தில் செத்தவன் அவன் ஒருத்தன்தான். பாபரே அவனை மரியாதையாக அடக்கம் செய்யச் சொன்னான் என்பார்கள். இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். றெஜி பொறுமையாகக் கேட்டார். எனக்குத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"உங்களுக்குக் கஷ்டமெண்டால் விடுங்கோ அண்ணை. என்ர மருமகன் லோடியா வரட்டும்."

அல்பிரட் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் தேத்தண்ணியை வைத்துவிட்டு வெளியே நடந்தேன்.

கோபத்தில் நடப்பதற்கு ஸ்ரௌவ்வில் உகந்த இடமில்லை. ஒரு தெருவால் போய்த் திரும்பினால் அதே தெரு திரும்ப வருகிறது. பஸ் தரிப்பு இல்லை, கடை இல்லை, வழி கேட்க ஒரு மனிதப் பிறவி இல்லை. நாயோடு வந்த ஒரு பெண்மணி என் தலைப்பாகையையும் மரவாளையும் பார்த்து, "மன்னிக்கவேண்டும், உங்களுக்கு உதவி தேவையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இல்லை என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு இன்னொரு சுற்றுச் சுற்றி அவளிடமே வந்து சேர்ந்தேன். அந்த நேரம் பார்த்து நிசாமின் வான் வந்து நின்றது. ஏறிக்கொண்டேன்.

நிசாம் வானைத் திருப்பினார். ஸ்காபரோவுக்கு வந்து ஒரு கடை வாசலில் நிறுத்தி, கொத்துரொட்டி வாங்கிவந்தார். வானுக்குள்ளேயே சாப்பிட்டோம். தொண்ணூறாம் ஆண்டு எங்கள் கரையிலிருந்து முஸ்லிம்களை ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கம் வெளியேற்றியபோது தாய் தகப்பனோடு வள்ளத்தில் ஏறிப் போனவர் அவர்.

"எங்கட வாப்பா வீட்டைப் பூட்டித் திறப்பைக் குடுத்தவர்" என்றார் வாயில் ரொட்டியோடு. "கும்பிட்டுக் கெஞ்சேல்லை. நீங்க அந்தப் பாட்டைப் படிக்கக்குள்ள எனக்கு அவர்தான் ஞாபகம் வந்தார், பெஞ்சமின் அண்ணன்."

அந்தத் திறப்பை வாங்கியவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள். அதை அவர் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. "லோடி முழந்தாள் போட மாட்டான், நிசாம்" என்று மட்டும் சொன்னேன். "போட்டானெண்டா நான் பீரங்கி வெடிக்க மாட்டன்" என்றார் அவர்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அல்பிரட் வெடித்தான்.

"என்ன அத்தான், விசர்வேலை பார்த்தனியள்? சங்கத்தில என்ர முகம் என்னத்துக்கு ஆகும்? ஒருக்கா முழந்தாள் போட்டால் உங்களுக்கு என்ன குறைஞ்சு போகும்?"

"நான் ஒருக்காப் போட்டிட்டன்" என்றேன்.

அவனுக்கு விளங்கவில்லை. அவன் அந்த நேரம் கனடாவில். நாங்கள் உயிரோடு வந்து சேர்ந்தது தெரிந்தபிறகு அவன் எதையும் துருவிக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அன்றைக்குச் சொன்னேன். சண்டை முடிந்த அந்த வைகாசியில் கடலேரி தாண்டி வந்து சேர்ந்த வெட்டவெளியைச் சொன்னேன். பீரங்கிச் சத்தம் ஓய்ந்தும் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆமிக்காரர் கையைத் தலையில் வைத்து முழந்தாளில் இருக்கச் சொன்னார்கள். வெயில் உச்சிக்கு ஏறிச் சாயும்வரை இருந்தோம். இரண்டு பக்கமும் வரிசை வரிசையாக ஊர்ச்சனம்.

"எனக்குப் பக்கத்தில உன்ர அக்கா" என்றேன். "அவள் பூசையிலகூட இப்ப முழந்தாள் போடுறேல்லை. எல்லாரும் வாதம் எண்டு நினைக்கினம். நீயும்தான். நீ அனுப்பிற பூச்சு மருந்து முழுக்க அலுமாரிக்குள்ள அடுக்கியிருக்கு. ஒரு போத்திலும் உடைக்கேல்லை."

அல்பிரட் கோப்பையைத் தள்ளி வைத்தான். நண்டுச் சட்டியை மூடினான். பிறகு எழும்பிப் போய் விறாந்தைக் கண்ணாடியோடு நின்றான். நான் மிச்சத்தைச் சாப்பிட்டேன், பசித்தது.

காலையில் என் முகத்தைப் பாராமல் சொன்னான்: "றெஜி அண்ணையோட கதைச்சிட்டன். நீங்கள்தான் லோடி. கொப்பி அவர் மாத்தின மாதிரித்தான் இருக்கு. வாறியளே?"

"வாறன்" என்றேன். முழந்தாள் போடுவேன் என்று சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

கூத்து மோர்னிங்சைட்டில் ஒரு பாடசாலை மண்டபத்தில். அல்பிரட் சாமான் ஏற்றிக்கொண்டு முன்னுக்குப் போய்விட்டான், என்னை ஏற்ற வரவேண்டிய கார் வரவில்லை. உடுப்பு முழுக்கப் போட்டாயிற்று. பஸ் ஏறி, ராசாவின் முடியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் இருந்த கரீபியப் பெண்மணி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முடிசூட்டிக்கொள்ளவா போகிறீர்கள் என்று கேட்டாள். இல்லை, சண்டையில் தோற்கப் போகிறேன் என்றேன். "இவ்வளவு வடிவாக உடுத்துக்கொண்டா?" என்றாள். என் அரைகுறை ஆங்கிலத்தில் ராசா கதையைச் சொல்லி முடிப்பதற்குள் நான் ஏறிய பஸ் மண்டபத்துக்கு எதிர்த்திசையில் நெடுந்தூரம் போய்விட்டது. மண்டபத்துக்கு நான் ஓடி வந்து சேர்ந்தபோது கட்டியகாரன் என் வரவைப் பாடத் தொடங்கியிருந்தான். இளைப்போடு மேடை ஏறினேன்.

மண்டபம் நிறைந்த சனம். முன்வரிசையில் ஆங்கிலப் பிரமுகர் ஒருவரும் மாலையோடு இருந்தார். யானைகள் வந்தன, இளந்தாரிகள் நாலு பேர் சாம்பல் போர்வைக்குள். வண்டில் வரிசையில் ஒன்று சில்லுக் கழன்று தானே உருண்டு பிரமுகரின் காலடிக்குப் போனது. அவர் சொறி என்றார். சனம் சிரித்தது, பாபர் அதை இழுத்துவந்து கட்டினார், சண்டை தொடர்ந்தது. என் படையினர் ஒவ்வொருவராக விழுந்தார்கள்.

கடைசியில் நானும் றெஜியும் மட்டும். றெஜி இரண்டு கையையும் விரித்து, வாங்கில் சிரிக்கிற சிரிப்போடு நின்றார். நான் மன்னிப்புப் பாட்டை எடுக்கவேண்டிய இடம். மத்தளம் அதற்குரிய மெல்லிய நடையைத் தட்டியது. நான் எடுக்கவில்லை. மத்தளம் இன்னொரு சுற்று வந்தது. "அண்ணை, முழந்தாள்" என்று உதடு அசையாமல் றெஜி சொன்னார்.

வாளை உயர்த்திப் பாடினேன். தில்லியைத் தந்தேன், என் திறைசேரி தந்தேன்.

ஒரு கணம் பின்னுக்கு ஒரு சத்தமும் இல்லை. பிற்பாட்டுக்காரர் அல்பிரட்டைப் பார்த்திருப்பார்கள். அவன் சம்மதிக்காவிட்டால் நான் தனிக்குரலில் நிற்கிற பைத்தியக்காரன். அந்த ஒரு கணம் எனக்குப் பயமாக இருந்தது, ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. பிறகு அல்பிரட்டின் குரல் தனியாக எழுந்தது. "தில்லியைத் தந்தேன்..." அவன் தொடங்கியதும் மற்றவர்கள் சேர்ந்தார்கள். தாளம் மாறியது. மத்தளக்காரன் ஊர் அடியை அடித்தான். தலையையும் தந்தேன் என்று நான் பாட, முழந்தாள் தரமாட்டேன் என்பதைப் பிற்பாட்டோடு சனமும் சேர்ந்து பாடியது. றெஜியின் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த முகம் எனக்கு முதன்முறையாகப் பிடித்தது.

நிசாம் பீரங்கியை வெடித்தார். ஒருமுறைதான் என்று பேச்சு. அவர் மூன்று முறை வெடித்தார். தவறியா தெரிந்தா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. புகை மேடையை மூடியது. நான் சுழன்று விழுந்தேன். விழுந்ததும் தலைக்கு மேலே தீ அபாய மணி அலறத் தொடங்கியது.

எல்லாரும் வெளியே போகவேண்டும் என்று ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் சொன்னார்கள். கதிரைகள் சரசரத்தன. "அங்கிள், எழும்புங்கோ, this is real!" என்று யானைக்குள் இருந்த பொடியன் என் தோளை உலுக்கினான். நான் அசையவில்லை. விழுந்த ராசா நடப்பதில்லை.

"உவர் எழும்பார்" என்றான் அல்பிரட். "காலைப் பிடி நிசாம்."

நாலு பேர் என்னைத் தூக்கினார்கள். தலைமாட்டில் அல்பிரட்டின் மூச்சு. காலடியில் நிசாமும் மத்தளக்காரனும். வலது தோளைப் பிடித்தவரிடமிருந்து விலையுயர்ந்த வாசனை வந்தது. "அம்மாடி, என்ன பாரமண்ணை" என்று முனகினார். அது பாபர். கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்தேன். மணி அலற, சனம் வழிவிட்டு இரண்டு பக்கமும் நிற்க, அவர் என்னைக் கீழே போடாமல் படியிறங்கி வெளியே கொண்டுவந்தார்.

கார்த் தரிப்பிடத்தில் கிடத்தினார்கள். சனம் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுற்றி நின்றது, ஒருவரும் காருக்குள் ஏறவில்லை. தீயணைப்பு வண்டி வந்து நின்றது. கனத்த சப்பாத்துகள் என்னை நோக்கி வந்தன.

"இவருக்கு என்ன நடந்தது?" என்று ஓர் ஆங்கிலக் குரல் கேட்டது. "இவரால் எழும்ப முடியாதா?"

இளைத்துக்கொண்டிருந்த றெஜி மூச்சைப் பிடித்து அதே மொழியில் பதில் சொன்னார்.

"முடியும். எழும்ப மாட்டார்."

நிலத்தின் ஈரம் முதுகில் ஏறியது. நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன்.